செம்மண் தடத்துக்கு ஒற்றை சிலிண்டர் வண்டி: வீட்டிலேயே பார்ப்பதும் தேற்றுவதும்

பராமரிப்பு ஒரு வேலை, வண்டியை மேம்படுத்துவது வேறு வேலை என்று பலரும் பிரித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு பாகம் தேய்ந்து கழற்ற வேண்டிய நிலை வரும்போது, அந்த இடத்தில் முன்னதைவிட உறுதியானதைப் போடுங்கள். தேயாததைத் தொடாதீர்கள். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டால் காசும் மிச்சம், வண்டியும் ஆண்டுக்கு ஆண்டு தேறிக்கொண்டே வரும்.

நான் கால்நடை ஆய்வாளர். கோமாரி தடுப்பூசிச் சுற்று வந்துவிட்டால், மாடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடும் முன்பே கல்லல், சாக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் போய் நிற்க வேண்டும். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால் பின் கேரியரில் எப்போதும் ஐஸ் பெட்டி. தார் ரோடு தொழுவம்வரை வராது. கண்மாய்க் கரை, காய்ந்த ஓடை, செம்புராங்கல் மேடு எல்லாவற்றிலும் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411. 2016-இல் வந்த வண்டி. 2023-இல் 450 வந்ததும் அதன் இடம் முடிந்தது. காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் ஒற்றை சிலிண்டர், முன்னால் 21 இன்ச், பின்னால் 17 இன்ச் கம்பிச் சக்கரம், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம். ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்லும் முறை பொருந்தும். அளவுகளை மட்டும் அவரவர் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இடம்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இந்த மாதிரி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) நிழல் இருக்கிறது, காற்று இருக்கிறது என்று வண்டியை அங்கே கொண்டுபோய்ப் பிரிக்காதீர்கள். அங்கே தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடிப் பலகைமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, முதுகில் சிமெண்டும் மணலும் வைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கறுத்த எஞ்சின் ஆயில் அதில் இறங்கினால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் திரும்பி வராது. பின்வாசல் பக்கம், வெறும் சிமெண்டுத் தரை, மேலே ஒரு தார்ப்பாய், சென்டர் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகை. இது போதும்.

முற்றத்து மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, தெரு வாய்க்காலில் இறங்கி, ஊருணிக்குப் போகும்படி வாட்டம் பார்த்துக் கட்டிய ஊர்கள் இவை. வடித்த ஆயிலையும் செயின் கழுவிய டீசலையும் அந்த வழியில் விடக்கூடாது. பழைய ஆயில் டப்பாவிலேயே ஊற்றி மூடி, கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கருவிகளில் முதல் காசு டார்க் ரெஞ்சுக்கு, அதாவது குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ரெஞ்சுக்கு. அதன் பிறகுதான் பாக்ஸ் ஸ்பேனர் செட்டும் மற்றதும். எஞ்சின் உடம்பு முழுக்க அலுமினியம், போல்ட் எல்லாம் எஃகு. கை பலத்தில் இறுக்கினால் மரை அலுமினியத்தில்தான் போகும். ஆயில் வடிக்கும் போல்ட்டில் மரை போனால், லேத் பட்டறையில் பெரிதாகத் துளைத்து ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்) போட வேண்டும். அந்தச் செலவுக்கு ஒரு நல்ல டார்க் ரெஞ்சே வாங்கலாம். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), நல்ல டயர் லிவர் இரண்டு, மல்டிமீட்டர் ஒன்று, ஒரு கட்டு பனியன் வேஸ்ட். மற்றவை தேவை வரும்போது சேரும்.

புழுதி

எங்கள் பக்கத்து வண்டிக்கு முதல் எதிரி மழையோ வெயிலோ இல்லை, செம்மண் புழுதி. முன்னால் போகிற டிராக்டர் கிளப்பிவிடும் தூசியைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். முகத்துக்குப் போடும் பவுடர்போல இருக்கும், ஆனால் அதற்குள் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது. சாதாரண எஃகைவிடக் கடினமானது அது. ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அராவிக்கொண்டே இருக்கும். வண்டி ஆயில் குடிக்கிறது, நீலப் புகை வருகிறது என்று தெரியும்போது வேலை கைமீறிப் போயிருக்கும்.

ஆகவே கையேட்டில் ஏர் ஃபில்டருக்கு எத்தனை கிலோமீட்டர் போட்டிருந்தாலும், புழுதிக் காலத்தில் அதில் பாதியில் திறந்து பாருங்கள். காகித ஃபில்டரைக் கழுவக்கூடாது. தண்ணீர் பட்டால் காகிதத்தின் கண் விரிந்துவிடும். மெதுவாகத் தட்டி, காற்றைக் குறைந்த அழுத்தத்தில் உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். வெளியிலிருந்து உள்ளே ஊதினால் தூசியைக் காகிதத்துக்குள் செலுத்துகிறோம். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, வெளிச்சம் திட்டுத்திட்டாக மறைந்தால் மாற்றிவிடுங்கள்.

இதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு, பலர் செய்வதில்லை. ஃபில்டரை எடுத்தபின், எஞ்சின் பக்கம் போகும் குழாயின் உட்சுவரில் வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலால் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால் ஃபில்டரின் ஓரத்து ரப்பர் சரியாக உட்காரவில்லை, தூசி சுற்றி வழி கண்டுபிடித்துவிட்டது. பெட்டியில் ரப்பர் உட்காரும் பள்ளத்தைச் சுத்தமாகத் துடைத்து, ரப்பர் விளிம்பில் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி மாட்டுங்கள். அடுத்த முறையும் சிவந்தால் பெட்டியின் மூடியிலும் குழாய் கிளாம்பிலும் விரிசல் தேட வேண்டும்.

காற்று தாராளமாகப் போகும் என்று விற்கும் பஞ்சு ஃபில்டர்களை எங்கள் தடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தாராளமாகக் காற்று போகும் இடத்தில் நுண்தூசியும் போகும். இங்கே செய்யத்தக்க மேம்பாடு, காற்று நுழையும் வாயில் ஆயில் நனைத்த ஃபோம் உறை ஒன்றைப் போடுவது. பாதிப் புழுதி அதிலேயே நின்றுவிடும். வாராவாரம் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, ஃபோம் ஃபில்டர் ஆயிலைத் தடவிப் பிழிந்து மாட்டலாம்.

எஞ்சின் ஆயிலுக்கும் இதே நியாயம்தான். கையேடு சொல்லும் தூரம் வரும் முன்பே மாற்றிவிடுங்கள். 411-க்கு 15டபிள்யூ-50. டப்பாவில் ஜாசோ எம்ஏ2 (பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்னும் தரக்குறி) என்று இருக்கிறதா பாருங்கள். பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் மிதக்கிறது. கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்க ஏதாவது கலந்திருக்கும், அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி வடியுங்கள், வாஷரைப் புதிதாகப் போடுங்கள், ஃபில்டரின் ஓ-ரிங் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். அளவு பார்க்கும்போது வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டும்.

முள்

கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலத்தை விறகுக்கும் கரிக்கும் வெட்டியிருந்தால், அந்தப் பாதையில் முள் இல்லாமல் போகவே முடியாது. காய்ந்த முள் டயருக்குள் இறங்கி, தோல் மட்டத்தோடு ஒடிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ட்யூப் ஒட்டி மாட்டிய மறுநாளே மறுபடி காற்று இறங்கினால், பழைய முள் உள்ளேயே இருக்கிறது என்று பொருள்.

பஞ்சரை வீட்டில் பார்க்கும் முறை இது. சக்கரத்தைக் கழற்றி, வால்வு ஊசியை எடுத்து, காற்று முழுவதையும் விடுங்கள். டயரின் ஓரம் ரிம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும்; அதை விடுவிக்க இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டு நுனியை ஓரத்தின்மேல் வைத்து, அந்த வண்டியைச் சாய்த்து அழுத்தினால் போதும். பிறகு சோப்புத் தண்ணீர் தடவி, லிவரை வால்வுப் பக்கமிருந்து தொடங்குங்கள். எதிர்ப்பக்க டயர் ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருக்கிறதா என்று முழங்காலால் அழுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது இறங்கியிருந்தால் லிவருக்குப் பலமே தேவைப்படாது. பலம் போட வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஓரம் மேலே ஏறி நிற்கிறது. நிறுத்திப் பாருங்கள், ட்யூபைக் கடித்துவிடும்.

ட்யூபை எடுத்ததும் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, டயரில் அதே இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். முள் அங்கேதான் இருக்கும். ஆனாலும் டயரின் உட்புறம் முழுவதையும் பனியன் துணியால் சுற்றித் துடைத்து வாருங்கள். முள் நுனி இருக்கும் இடத்தில் நூல் மாட்டி இழுக்கும். விரலால் தேடாதீர்கள், கருவேல முள் குத்தினால் வீங்கி இரண்டு நாள் ஸ்பேனர் பிடிக்க முடியாது. முள்ளைக் கட்டிங் பிளேயரால் உள்பக்கமாகவே இழுத்து எடுங்கள்.

மாட்டும்போது ட்யூபில் வடிவம் வருமளவு மட்டும் காற்றடித்து, டால்கம் பவுடர் தூவி வையுங்கள். கடைசி ஓரம் வால்வுப் பக்கத்தில் முடிய வேண்டும். அங்கே வால்வை உள்ளே ஒரு தள்ளு தள்ளினால், டயர் ஓரத்துக்கு அடியில் ட்யூப் சிக்காது. வால்வின் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காதீர்கள்; மூடிப் பக்கம் ஏற்றிவிடுங்கள். குறைந்த காற்றில் ஓடும்போது டயரும் ட்யூபும் ரிம்மின்மேல் சிறிது நகரும். நட்டு தளர்வாக இருந்தால் வால்வு சாய்ந்து நிற்பது கண்ணில் படும். இறுக்கியிருந்தால் அடியோடு கிழியும்.

மேம்பாடு என்றால் கனமான ட்யூப். பின்னால் கனமானதைப் போடலாம். முன்னால் 4 மில்லிமீட்டர் ட்யூப் போட்டால் 21 இன்ச் சக்கரத்தின் கனம் ஓரத்தில் கூடி, மணலில் திருப்புவது கடினமாகும். நடுத்தரக் கனமே போதும். கம்பிச் சக்கரத்தை டேப் ஒட்டி ட்யூப்லெஸ் ஆக்கித் தருகிறார்கள். ட்யூப் டயருக்கென்று செய்த ரிம்மில் டயர் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் மேடு கிடையாது. காற்று குறைந்தால் டயர் ரிம்மை விட்டு இறங்கும் ஆபத்து உண்டு என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. தார் ரோட்டுக்கு முன்சக்கரம் 25, பின்சக்கரம் 32 பிஎஸ்ஐ. ஐஸ் பெட்டியும் சாமானும் ஏறும் நாளில் பின்னால் கையேட்டில் சொன்னபடி கூட்டிக்கொள்கிறேன்.

சக்கரம் கையில் இருக்கும்போதே ஒவ்வொரு கம்பியையும் சின்ன ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக. தளர்ந்ததைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் இறுக்காதீர்கள்.

டேப்பெட்

ஊரில் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் டேப்பெட் சத்தத்தை அடக்கித் தருவதைத்தான் பெருமையாகச் சொல்வார். வாடிக்கையாளரும் சத்தம் போய்விட்டது என்று மகிழ்ச்சியாகக் காசு கொடுப்பார். நான் சொல்வது இதற்கு நேர் எதிர்: லேசாகத் தட்டும் டேப்பெட்டால் பெரிய கேடில்லை, சத்தமே இல்லாத டேப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்துபோனால் சூட்டில் வால்வுத் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இருக்கையில் உட்காரும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. உட்கார இடமில்லை என்றால் ஓரம் கருகிப் போகும். பிறகு ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான்.

இரவு முழுக்க ஆறிய எஞ்சினில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டால் எஞ்சின் கையால் சுலபமாகச் சுற்றும். பக்கக் கவரில் இரண்டு மூடிகள் இருக்கும்: பெரியதன் வழியே ஸ்பேனர் போட்டுச் சுற்ற வேண்டும், சின்னதன் வழியே குறி பார்க்க வேண்டும். குறி நேர்கோட்டில் வந்ததும் இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் ஆடினால் பிஸ்டன் அழுத்தச் சுற்றின் உச்சியில் இருக்கிறது. ஆடாவிட்டால் எஞ்சினை இன்னொரு முழுச் சுற்று சுற்றி, குறியை மறுபடி நேருக்குக் கொண்டுவாருங்கள். கையேட்டில் உள்ள அளவு ஃபீலர் தகடு மெல்லிய இழுவையோடு போய்வர வேண்டும். அடுத்த தடித்த தகடு நுழையக்கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே ஒரு மயிரிழை திரும்பும் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடி அளப்பது கட்டாயம். அளவுக்கு இரண்டு எண் கொடுத்திருந்தால் பெரிய எண்ணை ஒட்டியே வையுங்கள்.

செயின்

புழுதி நாளில் செயினுக்கு ஆயிலைத் தாராளமாக விடுவது நல்லெண்ணத்தில் செய்யும் கேடு. தூசி ஒட்டி, ஸ்ப்ராக்கெட் பல்லை அராவும் பசையாகிவிடும். டீசலும் மென்மையான பிரஷும் வைத்துக் கழுவி, துடைத்துக் காயவிட்டு, மெழுகு வகை செயின் லூபை உட்பக்கமாக மெல்லியதாக அடித்து, ஓர் இரவு விடுங்கள். பெட்ரோலால் கழுவாதீர்கள், ஓ-ரிங் ரப்பர் கெட்டுப்போகும்.

தொய்வு பார்க்கும்போது சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே பாருங்கள். பின் ஷாக் அமுங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் நேரத்தில்தான் செயின் உச்ச இறுக்கத்தை அடையும். கனம் ஏற்றும் வண்டியில் இறுக்கிக் கட்டியிருந்தால் அந்த நேரத்தில் கியர்பாக்ஸ் பேரிங்கைத்தான் இழுக்கும். ஸ்விங்ஆர்மில் போட்டிருக்கும் கோடுகளை நம்பாதீர்கள். ஸ்விங்ஆர்ம் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து சமமாக வையுங்கள்.

செயின் செட் தேய்ந்து மாற்றும் நாளில், முன் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் குறைக்கலாம். 411-இல் முன்னால் 15 பல், பின்னால் 38 பல்; இந்த 15க்கு 38 என்பது 14க்கு 38 ஆனால் இழுவை சுமார் 7 சதவீதம் கூடும். ஓடை மணலில், மேட்டில், கிளட்ச்சைப் பாதி பிடித்து ஓட்டும் நேரம் குறையும். திருச்சி, மதுரை என்று தார் ரோட்டில் அதிகம் போகிறவர்களுக்கு இது வேண்டாம்.

கோன் செட்

ஹேண்டில் திரும்புவதற்கு வண்டியின் கழுத்தில் இருக்கும் பேரிங்தான் கோன் செட். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை இரண்டு விரலால் மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கொண்டுபோங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோலப் பட்டால் பால் ரேஸ் (குண்டுகள் ஓடும் வளையம்) போய்விட்டது. பெரிய முன்சக்கரமும் கல் தடமும் சேர்ந்த எந்த வண்டியிலும் இது நடக்கும். நேராக ஓடும் நேரமே அதிகம் என்பதால் குண்டுகள் எப்போதும் ஒரே இடத்தில் அடிபடுகின்றன. மாற்றும்போது டேப்பர் ரோலர் பேரிங் போடுங்கள். குண்டு ஒரு புள்ளியில் தாங்கும் சுமையை உருளை ஒரு கோட்டில் தாங்குகிறது. என் பட்டியலில் இதுதான் முதன்மையான மேம்பாடு.

பழைய ரேஸை எடுப்பதற்கு மட்டும் நான் லேத் பட்டறைக்குப் போவேன்.

“அண்ணே, கீழ் ரேஸ்ல உளி நிக்கவே மாட்டேங்குது.”

“அடிக்காதீங்க தம்பி. உள்பக்கமா ஒரு கோடு வெல்டிங் ஓட்டுறேன், ஆறுறப்ப சுருங்கி தானா விழுந்துரும். பேட்டரியக் கழட்டியாச்சா?”

“கழட்டிட்டேன்ணே. ஈசியு கனெக்டரும் எடுத்துட்டேன்.”

“அப்பச் சரி. பாக்கி நீங்களே பாத்துக்கிருவீங்க.”

அவர் கேட்ட கேள்வி முக்கியம். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரியையும் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) கனெக்டரையும் கழற்றாமல் வெல்டிங் வைக்கவே கூடாது. புதிய ரேஸை முதல் நாள் இரவே ஃபிரீசரில் வைத்துவிட்டால் சுருங்கியிருக்கும், சுலபமாக இறங்கும். பழைய ரேஸையே மேலே வைத்துத் தட்டினால் கோணாமல் போகும். உருளைகளுக்கு நடுவே கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். இறுக்கத்தை முதலில் சற்று அதிகமாக வைத்து, பலமுறை திருப்பி உட்காரவைத்து, பிறகு தளர்த்தி, கையேட்டின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஹேண்டில் தன் கனத்திலேயே இரு பக்கமும் சாய வேண்டும், ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. கொஞ்ச தூரம் ஓடியபின் இன்னொரு தடவை பார்ப்பது அவசியம், ரேஸ் உட்கார்ந்து சற்றுத் தளரும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் பின் ஷாக்கை ஸ்விங்ஆர்மோடு இணைக்கும் லிங்கேஜின் பேரிங்குகளைத் திறந்து கிரீஸ் வையுங்கள். செம்மண் சேறு அங்கேதான் போய் அடையும்.

சுமைக்கு ஏற்ற ஷாக்

புது ஷாக் வாங்குவதற்கு முன் இருப்பதைச் சரியாக வையுங்கள். செலவில்லை, ஒரு டேப்பும் உதவிக்கு ஓர் ஆளும் வேண்டும். என் மகள் டேப் பிடிப்பாள். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர்மேலே வண்டியில் ஒரு புள்ளிவரை அளக்க வேண்டும். பிறகு வண்டியை இறக்கி, வழக்கமாக ஏற்றும் சுமையோடு ஏறி உட்கார்ந்து அதையே அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த ஓட்டத்தில் (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம்) மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 411-இன் பின் ஓட்டம் 180 மில்லிமீட்டர், அதனால் 50 முதல் 60 வரை. அதைவிட அமுங்கினால் சி-ஸ்பேனரால் ஸ்பிரிங்கை ஏற்றுங்கள். கடைசிப் படி வரை ஏற்றியும் போதவில்லை என்றால்தான் கனமான ஸ்பிரிங்குக்குக் காசு போட வேண்டும்.

பிரேக் பற்றிச் சுருக்கமாக: டாட் 4 திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், பெயிண்டில் சிந்தவிடாதீர்கள். காலிப்பரின் வழுக்குப் பின்னைத் துடைத்துச் சிலிகான் கிரீஸ் வையுங்கள். ஹோஸ் பழசாகி மாற்றும் நாளில் எஃகு வலை பின்னியதைப் போடலாம்.

விடியலுக்கு முன் போகிறவர்களுக்கு மாடும் மயிலும் குறுக்கே வரும் சாலைகள் இவை. கூடுதல் விளக்கு தேவைதான். 20 வாட் எல்இடி இரண்டு என்றால் 40 வாட், சுமார் 3.3 ஆம்பியர். பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ், அதன்பின் ரிலே, ரிலேயை இயக்கும் ஒயர் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து. கம்பெனி ஒயரை வெட்டி ஒட்டாதீர்கள். எதிரே வருபவர் கண்ணில் படாமல் தாழ்த்திக் கட்டுங்கள். சைலன்ஸர் மாற்றுவதால் இழுவை ஒன்றும் கூடிவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் வண்டியின் அமைப்பைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. அந்தக் காசு கோன் செட்டுக்கும் டயருக்கும் போகட்டும்.

எந்த வேலை செய்தாலும் இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின்மேலும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு, நட்டிலிருந்து பக்கத்து உலோகம்வரை போட்டுவிடுங்கள். சாக்கோட்டை வரை போய்த் திரும்பியதும் டார்ச் அடித்து எல்லாக் கோடுகளையும் பாருங்கள். கோடு உடைந்திருக்கும் நட்டு நகர்ந்திருக்கிறது; அதை முழுவதும் தளர்த்தி, மரையைத் துடைத்து, மறுபடி அளவுக்கு இறுக்கி, புதுக் கோடு போட வேண்டும்.